வாசலில் நின்ற சாட்சி

ஏரி நகரம், தெனோச்தித்லான்
1520, ஜனவரி

அன்புள்ள அண்ணன் தோரிபியோவுக்கு, தம்பி நூன்யோ வணக்கத்தோடு எழுதுவது.

தேவமாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது? புண் ஆறியதா, கடற்கரை ஈரத்தில் மறுபடி சீழ் வைத்துவிட்டதா? உன்னைக் கோட்டையில் விட்டுவிட்டு நாங்கள் மலையேறிய அன்று நீ கையைக்கூட ஆட்டாமல் திரும்பிக்கொண்டாய். கோபம் என்று நினைத்தேன். அழுதாய் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

தண்ணீருக்கு நடுவில் ஒரு நகரம் என்றால் நம்புவாயா? கரையிலிருந்து ஏரிக்குள் நேராகக் கல்பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்து வந்தபோது பக்கத்தில் வந்த கிழட்டு வீரர் ஒருவர், "டேய், நாம செத்து மோட்சம் வந்துட்டமா?" என்று என்னைக் கிள்ளிக் கேட்டார். தம்மைக் கிள்ளிக்கொள்ளக் கூடாதா!

இவர்களுடைய பேரரசர் தன் அப்பாவின் அரண்மனையை எங்களுக்குத் தங்கக் கொடுத்தார். இப்போது அவரையே எங்களோடு வைத்துக் காவல் காக்கிறோம். விருந்தாளி என்று தளபதி சொல்கிறார். விருந்தாளியின் வாசலில் எதற்கு இத்தனை ஈட்டி என்று நான் கேட்கவில்லை.

சாப்பாடு கொண்டுவரும் தோச்லி என்பவனோடு எனக்குப் பழக்கமாகிவிட்டது. முயல் என்று அர்த்தமாம். என் வயதுதான் இருக்கும். அவன்தான் எனக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கிறான். போகுமிடமெல்லாம் எங்களைச் சுற்றிச் சாம்பிராணி போடுகிறார்களே, எங்களைச் சாமி என்று நினைக்கிறீர்களா என்று அவனிடம் கேட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சாமியாவது பூதமாவது! நாத்தம் தாங்கல. நீங்கல்லாம் குளிக்கவே மாட்டீங்களா?"

அன்றிலிருந்து குளிக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, ஜன்னி வரும் என்று புலம்புவாள்.

உன் தம்பி
நூன்யோ

*

கடற்கரைக் கோட்டை, வெரா குரூஸ்
1520, பிப்ரவரி

என் நூன்யோவுக்கு, அண்ணனின் ஆசீர்.

கால் கழன்று விழவில்லை, அவ்வளவுதான். நடந்தால் வாத்து நடப்பதுபோல் இருக்கிறதாம். ஈட்டி பிடிக்க லாயக்கில்லை என்று பத்திர எழுத்தர் பெனவிதெஸ் என்னைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். பங்குச் சாமியார் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து இப்போது எனக்குச் சோறு போடுகிறது. நீயும்தான் அடி வாங்கினாய். உனக்கு எழுத்து வந்தது, அடக்கம் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். அந்த முயலோடு ரொம்ப ஒட்டாதே. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒன்று என்றால் அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஈட்டியைப் பற்றி நீ கேட்காமல் விட்டது நல்லது. இனியும் கேட்காதே. உன்னை முழு ஆளாக ஊருக்குக் கூட்டி வருவேன் என்று அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. செபம் செய்.

அண்ணன்
தோரிபியோ

*

ஏரி நகரம்
1520, மே நடுவில்

அண்ணனுக்கு வணக்கம். நலமா? இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

சொல்பேச்சு கேட்காமல் கிளம்பி வந்தார் என்று தளபதியைக் கைதுசெய்யக் கியூபா ஆளுநர் கப்பல்கள் அனுப்பியிருக்கிறாராமே. எங்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு அவர் உங்கள் பக்கம் இறங்கிவிட்டார். நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் ஜெயிக்கிற பக்கம் என்பாய். இங்கே துணைத் தளபதியின் ராஜ்யம். அவர் தூங்குவதில்லை, எங்களையும் தூங்கவிடுவதில்லை. யாரோ நம்மைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஒரே பேச்சு.

நேற்று தோச்லி வந்தான். அவர்களுடைய பெரிய திருவிழா வருகிறது.

"என் தம்பி முதல் தடவையா ஆடறான். நீ வந்து பாக்கணும்," என்றான்.

"துணைத் தளபதி சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டார். ஆயுதம் கூடாதுன்னார். ஆடப் போறவன் எதுக்கு ஆயுதம் தூக்கறான்? பூவும் இறகும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நூன்யோ, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உங்க ஆளுங்க பீரங்கியக் கோயில் பக்கமாத் திருப்பி வெச்சிருக்காங்க. தம்பிய அனுப்பாதேங்கறா எங்கம்மா. ஏதாவது இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. நேராக எங்கள் தலைக்காவலர் பர்ரகானிடம் போய்க் கேட்டேன். அவர் என் கன்னத்தில் தட்டினார். "பயந்தாங்கொள்ளிப் பயலே! நிம்மதியா ஆடச் சொல்லுடா. குடுத்த வாக்கு குடுத்ததுதான்."

திரும்பி வந்து அதையே தோச்லியிடம் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். அவன் முகம் தெளிந்துவிட்டது.

திருவிழா பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நூன்யோ

*

ஏரி நகரம்
1520, மே கடைசி

அண்ணே, இதை நீ மட்டும் படி. உன் நலம்கூட விசாரிக்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

கோயில் முற்றத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்க என்றுதான் நினைத்தேன். என்னையும் இன்னும் சிலரையும் ஒரு வாசலில் நிறுத்தி, யாரையும் வெளியே விடாதே என்றார் பர்ரகான். கூட்டம் நெரியாமல் இருக்க என்று நினைத்தேன். பார், எத்தனை நினைத்திருக்கிறேன்!

ஆட்டம் அழகாக இருந்தது. கைகோத்து வட்டம் வட்டமாக ஆடினார்கள். தோச்லியின் தம்பி யார் என்று தெரிந்துவிட்டது, சிரிப்பு அப்படியே அண்ணனுடையது. அவன் பின்னாலேயே தோச்லியும் ஆடினான். நம் ஆட்கள் உள்ளே புகுந்து முதலில் மேளக்காரரிடம் போனார்கள். மேளம் நின்றதும்தான் எனக்குப் புரிந்தது.

மற்றதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். அவர்கள் கையில் பூ இருந்தது. வேறு எதுவும் இல்லை. நான் பார்த்தேன், அண்ணே. எதையாவது ஒளித்துவைக்க, இடுப்புத் துணியைத் தவிர அவர்கள் உடம்பில் துணியே இல்லை. மதிலேற முயன்றவர்களைக் கீழே இழுத்துப் போட்டார்கள். தரை வழுக்கியது.

தோச்லி என் வாசலுக்கு ஓடிவந்தான். "நூன்யோ! தொறடா! தொற!" அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் தம்பி. நான் ஈட்டியை விலக்கிக் கதவைத் திறந்தேன். முன்னால் நின்ற சிலர் வெளியே விழுந்தார்கள், தோச்லியும் வந்துவிட்டான். அதற்குள் பர்ரகான் எங்கிருந்தோ பாய்ந்து தோளால் கதவை இடித்துச் சாத்திவிட்டார். தம்பி உள்ளே நின்றுவிட்டான்.

தோச்லி வெளியிலிருந்து கதவை அடித்தான். உள்ளே தம்பி அடித்தான். பிறகு வெளியிலிருந்து அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இத நான் மறக்க மாட்டேன்டா," என்று பர்ரகான் என் காதில் சொன்னார்.

இப்போது மொத்த ஊரும் எங்களை வளைத்திருக்கிறது. கல் மழை. இந்த நகரத்து மெஷிகர்கள் மேலங்கிக்குள் ஆயுதம் வைத்திருந்தார்கள், அதனால்தான் முந்திக்கொண்டோம் என்று துணைத் தளபதி சொல்லச் சொல்கிறார். எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய? நீ எழுத்து மேசையில் இருப்பவன், சட்டம் தெரிந்தவன். ராஜாவுக்கு எட்ட வேண்டுமென்றால் யாருக்கு எழுதுவது? உடனே பதில் போடு.

நூன்யோ

*

கடற்கரைக் கோட்டை
1520, ஜூன்

அன்புத் தம்பிக்கு ஆயிரம் ஆசீர். நீ நலம் என்று நம்புகிறேன்.

நல்ல சேதி கேள். தளபதி ஒரே இரவில் கியூபாக்காரர்களை மடக்கிவிட்டார். வந்தவர்களெல்லாம் இப்போது நம் பக்கம். பெரும் படையோடு உங்களை மீட்கக் கிளம்பிவிட்டார். என் கால் பரவாயில்லை. புதுக் கப்பலில் நம் ஊர்ப் பன்றித் தொடை உப்புக்கண்டம் வந்தது. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, உன்னை நினைத்துக்கொண்டேன். உனக்கு ஒரு ஜோடி காலணி அனுப்பியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் துணி அடைத்துப் போட்டுக்கொள்.

வழியில் மழையில் நனைந்ததால் உன் கடைசிக் கடிதத்தில் நிறைய வரி அழிந்துவிட்டது. படிக்க முடியவில்லை. வேறு விசேஷமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தோரிபியோ

*

திலாஷ்காலா
1520, ஜூலை

அண்ணனுக்கு, உயிரோடிருக்கும் தம்பி எழுதுவது.

தளபதி வந்தும் பயனில்லை. நகரத்தைவிட்டு ஓடினோம். கல்பாதையில் பாலங்களை அறுத்துவிட்டார்கள். மழை, இருட்டு, இரண்டு பக்கமும் படகுகள். முன்னால் விழுந்தவர்கள் மேல் ஏறித்தான் பின்னால் வந்தவர்கள் கடந்தோம். எனக்கு இடது கை போன மாதிரிதான், இரண்டு விரல் அசையவில்லை. இங்கே, ஏரி நகரத்துக்குப் பழைய பகையாளிகளான திலாஷ்காலா மக்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவி சோள ரொட்டியை மென்று வாயில் ஊட்டினாள், நான் மூன்று நாள் கண் திறக்கவில்லையாம்.

பர்ரகானும் பிழைத்துவிட்டார். இத்தனை நல்லவர்களை விழுங்கிய ஏரி அவரை விட்டுவிட்டது.

மழையில் அழிந்துவிட்டது என்றாய். சரி, மறுபடி எழுதுகிறேன். அவர்களிடம் ஆயுதம் இல்லை. பூதான் இருந்தது. இந்த முறை எண்ணெய்த் துணியில் சுற்றி அனுப்புகிறேன், நனையாது. படித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது, அண்ணே. வேறு எதுவும் வேண்டாம்.

காலணி பெரிதுதான். ஏரியில் ஒன்று போய்விட்டது.

நூன்யோ

*

கடற்கரைக் கோட்டை
1520, ஆகஸ்ட்

என் தம்பிக்கு,

நீ உயிரோடிருக்கிறாய் என்று அறிந்ததும் மணலிலேயே முழந்தாளிட்டேன். யாகப்பருக்கு ஒரு பூசை நேர்ந்திருக்கிறேன். கைக்குச் சூடான எண்ணெய் வைத்துக் கட்டு. விரல் வரும்.

பர்ரகான் இங்கே ஆள் அனுப்பியிருந்தார். உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று கேட்காதே. யாராவது உன்னிடம் வந்து "நீதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல். அதோடு நிறுத்து. இந்த ஒரு தடவையாவது உன் வாய்க்கு முன்னால் என் வார்த்தை போகட்டும்.

இங்கே காய்ச்சல் பரவுகிறது. அம்மை மாதிரி, இந்த ஊர்க்காரர்கள் ஈசல்போல் சாகிறார்கள்.

ஆண்டவர் துணை.

தோரிபியோ

*

தெப்பேயாகா முகாம்
1520, நவம்பர்

தோரிபியோவுக்கு,

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரையும் நிற்கச் சொன்னார்கள். ராஜாவுக்கு அனுப்பும் சாட்சியங்களைக் கோட்டையிலிருந்து வந்திருந்த உன் பெனவிதெஸ் சத்தமாகப் படித்தார். ஒன்றில் என் பெயர் வந்தது. "நூன்யோ கராஸ்கோ ஆகிய நான் வாசலில் நின்று என் கண்ணால் கண்டது. மேளம் நின்றதும் அவர்கள் பூவை எறிந்துவிட்டு, ஒளித்துவைத்திருந்த கத்திகளை எடுத்தார்கள்."

மேளம் நின்றதை நான் உலகத்தில் ஒருவனுக்குத்தான் எழுதினேன். மழையில் அழிந்த வரி எப்படி அண்ணே அங்கே போய் உட்கார்ந்தது?

கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். என் கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வாலை நான் எப்படிச் சுழிப்பேனோ அப்படியே. அதைச் சுழிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

"நீதானே?" என்று பெனவிதெஸ் கேட்டார். வாயைத் திறந்தேன். பர்ரகான் பின்னாலிருந்து என் கழுத்தில் கை போட்டார், கூட்டாளி போடுவதுபோல. "என்னடா, சொல்லேன். கதவு விஷயமும் சேத்துப் பேசலாமா?" என்றார், எனக்கு மட்டும் கேட்க.

ஆமாம் என்றேன்.

பூசைக்கு வந்தவர்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்துப் போனார்கள்.

என்ன வாங்கினாய் இதற்கு? அதை மட்டும் எழுது.

நூன்யோ

*

தெப்பேயாகா முகாம்
1520, கிறிஸ்துமஸ் கழிந்து

தோரிபியோவுக்கு,

என் கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது. சாட்சியங்களை ஏற்றிச் சென்ற கப்பலில் நீயும் போய்விட்டாய் என்று கோட்டையிலிருந்து வந்த குதிரைக்காரன் சொன்னான். கால் ஊனமுற்ற எழுத்தனுக்குத் தனி இடம் ஒதுக்கினார்களாம். நீ போகிறாய் என்று அந்தக் குதிரைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்து ஊருக்கே அனுப்புகிறேன். நாளை மறுபடி ஏரி நகரத்தை நோக்கி நடக்கிறோம்.

நூன்யோ

*

நம் ஊர், எஸ்த்ரெமதூரா
1521, ஏப்ரல்

என் உயிர்த் தம்பிக்கு, அம்மாவின் முத்தமும் என் ஆசீரும்.

நீ என்னை அண்ணன் என்று அழைக்கவில்லை. இரண்டு கடிதத்திலும் தேடிப் பார்த்தேன், ஒரு இடத்தில் தவறிப்போய் இருந்தது. போகட்டும்.

கேட்டாய், சொல்கிறேன். நீ கதவைத் திறந்ததாகப் பர்ரகான் புகார் எழுதி அனுப்பியிருந்தார். எதிரிக்கு வாசல் திறந்தவனுக்குத் தூக்கு. பெனவிதெஸ் இரண்டு தாளை என் முன்னால் வைத்தார். ஒன்று அந்தப் புகார். இன்னொன்று வெறும் தாள். "உன் தம்பி சாட்சியா, கைதியா? நீயே எழுது," என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? செத்தவர்கள் என் எழுத்தால் சாகவில்லை. என் எழுத்தால் எழுந்துவரவும் மாட்டார்கள். நீ உயிரோடிருக்கிறாய்.

கப்பல் நான் கேட்டதல்ல. கொடுத்தார்கள். இன்னொரு காய்ச்சல் காலத்தை இந்தக் கால் தாங்கியிருக்காது. உன்னிடம் சொன்னால் நீ தடுப்பாய் என்று சொல்லவில்லை.

உன் சாட்சியத்தின் நகலைப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் படித்தார். உன் பெயர் வந்த இடத்தில் அம்மா எழுந்து நின்றாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கோயிலை விட்டு வரும்போது, "எம்புள்ள பொய் சொல்லாதுன்னு ராசாவுக்கே தெரிஞ்சுபோச்சு பாத்தியா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அம்மாவுக்காகவாவது என்னை மன்னித்துவிடு.

கருவாலி மரக் காட்டுக்குப் பக்கத்தில் உனக்கும் சேர்த்து வீடு பார்த்திருக்கிறேன். வந்துவிடு.

உன் அண்ணன்
தோரிபியோ

*

ஏரிக்கரைச் சிறைக் கொட்டடி
1521, செப்டம்பர்

அண்ணனுக்கு,

உன் கடிதம் ஆகஸ்டில் கிடைத்தது. அதே வாரம்தான் நகரம் விழுந்தது. விழ என்ன இருந்தது? வீடு வீடாக இடித்து ஏரியில் தள்ளிவிட்டோம். உள்ளே இருந்தவர்கள் பல்லியும் மரப்பட்டையும் தின்று உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். கல்பாதை வழியாக அவர்கள் வெளியேறியபோது நம் ஆட்கள் பெண்களின் வாயைத் திறந்து தங்கம் தேடினார்கள்.

மறுநாள் மிச்சமிருந்தவர்களை ஒரு சதுக்கத்தில் கூட்டினார்கள். அவர்கள் அழிந்தது அவர்கள் குற்றத்தால்தான் என்று அவர்களுக்கே விளக்க வேண்டுமாம். பெனவிதெஸ் சாட்சியத்தைப் படித்தார். மொழிபெயர்ப்பவன் சொன்னான். பிறகு என்னை முன்னால் நிறுத்தி, "அந்த மொழி பேசுவாயே, நீயே உன் வாயால சொல்லு," என்றார்கள்.

கூட்டத்தில் முதல் வரிசைக்குப் பின்னால் தோச்லி நின்றான். முதலில் அடையாளம் தெரியவில்லை. எலும்பின் மேல் தோலைப் போர்த்தியதுபோல் இருந்தான். ஒரு கிழவியைத் தோளில் தாங்கியிருந்தான், அம்மாவாக இருக்க வேண்டும்.

உன்னை நினைத்தேன். நீ காப்பாற்றிய கழுத்தை நினைத்தேன். அம்மா எழுந்து நின்றதை நினைத்தேன். அவன் பேச்சிலேயே சொன்னேன். "கத்தி இல்ல. பூதான் இருந்துச்சு. நான் பாத்தேன். நாங்க வாக்குக் குடுத்து வரவெச்சுக் கொன்னோம்." பிறகு நம் மொழியில், எல்லோருக்கும் கேட்க, இன்னொரு தடவை.

பர்ரகான் என்னை இழுத்துக்கொண்டு போனபோது தோச்லியைக் கடந்து போனோம். ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். சொன்னான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். கிழவியைச் சரியாகத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

பொய்ச் சாட்சியம் எழுதிக் கொடுத்தாயா என்று என்னை விசாரிக்கிறார்கள். நான் எழுதவில்லை என்றேன். பெனவிதெஸ் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டார். அப்படியானால் உன் கையெழுத்தைப் போட்டது யார் என்றார்கள். மூன்று தடவை கேட்டார்கள். முதல் இரண்டு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா இருப்பதும் ஒரு பொய்தான் என்று மூன்றாவது தடவை தோன்றியது. என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன்.

என்னை எப்போது தூக்கிலிடுவார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை விட்டுவிடவும் கூடும். உன்னைப் பிடிக்கச் சொல்லும் ஓலை இன்னொரு கப்பலில் வருகிறது. அது முந்திவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. இந்தக் கடிதம் முந்தினால் உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அவர்கள் கதவைத் தட்டுவதற்குள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்லிவிடு. வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக் கூடாது.

கால் வலிக்குச் சூடான எண்ணெய் போடு.

தம்பி
நூன்யோ